ஒரு உண்ணிக்குச்சி போதும்

பிள்ளைகளைப் புதிதாக யோசிக்க வைக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எங்கள் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடி (லாண்டானா) இல்லாத வேலியே இல்லை. ஒரு குச்சியை ஒடித்து, முள்ளைச் சீவி மேசைமேல் வையுங்கள். "இதை வைத்து என்னென்ன செய்யலாம்? ஐந்து நிமிடம், யாரோடும் பேசாமல் எழுதுங்கள்." அவ்வளவுதான். படைப்பாற்றலை ஆராயுங்கள் என்று 1950-இல் சக உளவியலாளர்களிடம் வலியுறுத்திய கில்ஃபோர்டு, செங்கல்லை வைத்துக் கேட்ட கேள்விதான் இது.

முதலில் விறகு, பந்தல்கால், மாடு ஓட்ட என்று வழக்கமானவை வரும். அப்புறம் பேனா நின்றுவிடும். அந்த நேரத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. உதவி செய்ய மனசு துடிக்கும், பொறுங்கள். என் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி அந்த அமைதிக்குப் பிறகுதான் எழுதினாள்: "கோடு போட்டு டப்பாவுக்குள் நட்டால் மழை அளக்கலாம்."

பிள்ளைகள் எழுதியதை வாசிக்கும்போது சரி, தப்பு சொல்லாதீர்கள். "சூப்பர்" கூட வேண்டாம். மற்றவர்களும் அதே வழியில் போய்விடுவார்கள். எத்தனை எழுதினார்கள் என்பதைவிட எத்தனை வகை என்று பாருங்கள். விறகு, குளிர்காய, வெந்நீர் போட, எல்லாம் ஒரே வகை.

இதே குச்சியில் நம் மலையின் பழங்குடி மக்கள் நாற்காலியும் நிஜ அளவில் யானைகளும் செய்வதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் வகுப்பு முழுக்க யானைதான் எழுதும்.