32 வயதில் முகப்பரு: நான் பிழைவிட்ட இடம்

ஏ.எல் படித்த காலத்தில்கூட என் முகம் இப்படி இருந்ததில்லை. 32 வயதில் நாடியிலும் தாடையோரத்திலும் பருக்கள். மாதவிடாய்க்கு ஒரு கிழமை முன்பு கூடும், தொட்டால் நோகும். கிளிநொச்சி வெயிலையும் செம்மண் புழுதியையும் திட்டிக்கொண்டு நாளுக்கு ஐந்து தரம் சவர்க்காரம் போட்டேன். முகம் எரிந்ததுதான் மிச்சம். இந்த வயதுப் பருவுக்கு அழுக்கு காரணமில்லை. பெரும்பாலும் ஓமோன்கள் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதால் வருவது.

முதல் வேலை, பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீமை விடுவது. அவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம். முதலில் பளிச்சென்று காட்டிவிட்டு அதுவே பருவைக் கொண்டுவரும். கனநாள் பூசியவர்கள் வைத்தியரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெயும் முகத்துக்கு வேண்டாம், அம்மம்மா கோபித்தாலும் பரவாயில்லை.

எனக்கு வைத்தியர் எழுதித் தந்தவை: காலையில் 2.5% பென்சொயில் பெரொக்சைட், இரவில் 0.1% அடப்பலீன் ஜெல். பென்சொயில் பெரொக்சைட்டில் 10% தேடி அலையாதீர்கள். பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், எரிச்சல்தான் கூட. அது துணியையும் வெளுக்கும், என் நீலத் துவாய் சாட்சி. கர்ப்பிணிகளும் பிள்ளைக்கு யோசிப்பவர்களும் அடப்பலீனைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு அசலாயிக் அசிட் என்ற பூச்சு சரிவருமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

நான் சறுக்கியது அடப்பலீன் பூசும் விதத்தில். கழுவிய கையோடு, ஈர முகத்தில், பரு உள்ள இடத்தில் மட்டும் தடிப்பாகப் பூசினேன். மூன்றாம் நாள் தோல் வெங்காயச் சருகுபோல உரிந்தது. சரியான முறை இதுதான்: முகத்தை ஒற்றித் துடைத்து 20 நிமிடம் விடுங்கள். (அதற்குள் நான் மகளின் புத்தகப்பையை அடுக்கிவிடுவேன்.) பிறகு ஒரு பட்டாணியளவு ஜெல், முழு முகத்துக்கும் அவ்வளவுதான். இனி வரப்போகும் பருவைத் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை, ஆகவே பருவில்லாத இடத்திலும் பூச வேண்டும். முதல் இரண்டு கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள். மேலே மொயிஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிறீன்.

மூன்றாம் கிழமை பரு கூடியது, நான் ரியூப்பைத் தூக்கி எறிந்தேன். வடிகட்டின முட்டாள்தனம்! தொடக்கத்தில் அப்படிக் கூடலாம். பலன் தெரிய 8 முதல் 12 கிழமை ஆகும். மறுபடி தொடங்கி, பத்தாம் கிழமையில்தான் கண்ணாடி பார்த்தேன்.

பின்சேர்க்கை: மாதவிடாய் ஒழுங்கில்லை, நாடியில் மயிரும் வளர்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பூச்சோடு நிற்காதீர்கள், பிசிஓஎஸ் (சூலகத்தோடு தொடர்பான ஓமோன் குழப்பம்) ஆக இருக்கலாம். அதற்கு ஸ்பைரனோலக்டோன், கருத்தடை மாத்திரை போன்றவை உண்டு, ஆனால் வைத்தியர் பார்த்துத்தான் தர வேண்டும். வவுனியா போய்வர ஒருநாள் கூலி போகிறது என்ற மாங்குளம் அக்காவுக்கு: முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடியில் காட்டி, தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள்.