கணிப்புப் போட்டியில் முதலிடத்துக்கு ஆடுவது எப்படி?

மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்துக் கரையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் எட்டுப் பேர் கூடி, பெங்களூரு, ஐதராபாத், புனே என்று அன்றைக்கு எங்கே குதிரை ரேஸ் நடக்கிறதோ அதற்குக் கணிப்புப் போட்டி வைத்துக்கொள்கிறோம். யார் கையிலிருந்தும் ஒரு பைசா போவதில்லை. 12 ரேஸ்களில் ரேஸுக்கு ஒரு குதிரையைச் சீட்டில் எழுதி மடித்துப் போட்டு, அதன்மீது 10 ரூபாய் கட்டியதாகப் பாவித்து, அது ஜெயித்தால் திரும்பக் கிடைத்திருக்கும் தொகையை மதிப்பெண்ணாகக் கூட்டிக்கொள்வதே எங்கள் விதி. அமெரிக்காவில் லாஸ் வேகஸில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் கணிப்புப் போட்டியும் இதேபோல் 2 டாலர் கற்பனைப் பந்தயத்தை வைத்துத்தான் நடக்கிறது.

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: ஜெயிக்கும் குதிரையைத் தேடுகிறார்கள். ரேஸ் கோர்ஸில் பணம் கட்டுகிறவருக்கு நாள் முடிவில் கைமுதல் மிஞ்சினாலே லாபம். போட்டியிலோ இரண்டாம் இடத்துக்கு வந்தவரும் தோற்றவர்தான். ஃபேவரிட் என்றால் அதிகம் பேர் நம்பிப் பணம் கட்டும் குதிரை. ஒன்றுக்கு ஒன்றரை விலையுள்ள, அதாவது கட்டிய ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் லாபம் தரும் ஃபேவரிட் ஜெயித்தால், கட்டிய 10 ரூபாயும் சேர்த்து 25 மதிப்பெண் கிடைக்கும். ஒன்றுக்குப் பத்து விலையுள்ள குதிரை ஜெயித்தால் 110. ஃபேவரிட் மூன்று ரேஸுக்கு ஒன்றில் ஜெயிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதையே நம்பி 220 மதிப்பெண்ணைத் தாண்ட 12 ரேஸில் 9 ஜெயிக்க வேண்டும். அது ஆயிரம் நாளில் நான்கு நாள்கூட நடக்காது. பத்தில் ஒரு வாய்ப்புள்ள பத்து விலைக் குதிரைகளையே 12 ரேஸிலும் எழுதுகிறவருக்கோ, இரண்டு ஜெயித்து அதே 220-ஐ எட்டும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. மற்ற நாட்களில் அவர் கடைசி இடத்தில் நிற்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் வேண்டும்.

ஆனால் விலை பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு குதிரையை எழுதக் கூடாது. விலை சொல்லும் வாய்ப்பைவிட உண்மையான வாய்ப்பு கூடுதலாக இருக்கக் காரணம் தெரிய வேண்டும். ஹேண்டிகேப் ரேஸில் நன்றாக ஓடிய குதிரைக்குக் கூடுதல் எடையும் சுமாராக ஓடிய குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றி எல்லாவற்றையும் சமப்படுத்தப் பார்க்கிறார்கள். ஆகவே போன தடவை ஏழாவதாக வந்த குதிரை ஏன் ஏழாவதாக வந்தது என்பதுதான் கேள்வி. கதவு திறந்தபோது பிந்தியதா, வளைவில் வழி கிடைக்காமல் உள்ளே அடைபட்டதா, நீண்ட ஓய்வுக்குப் பின் முதல் ஓட்டமா, தனக்குப் பொருந்தாத தூரமா? இவற்றில் ஒன்று உண்மையாக இருந்து, அதனால் ரேட்டிங், அதாவது எடையைத் தீர்மானிக்கும் திறன் மதிப்பீடு, இறங்கி, இந்த முறை எடையும் குறைந்திருந்தால், அந்தக் குதிரை என் நோட்டில் ஏறிவிடும். வெறும் இடத்தை மட்டும் பார்த்து விலை போடும் கூட்டம் அதைக் கவனிப்பதில்லை.

இதைவிட எனக்கு அதிகம் உதவியது வேகத்தின் கணக்கு; அதை நான் ரேஸ் புத்தகத்தில் படிக்கவில்லை, மேலூர்ப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் ரோட்டோரம் நின்று கற்றேன். போக வர 8 மைல் ஓடும் பெரிய மாட்டுப் பந்தயத்தில், முந்துவதற்கு மூன்று வண்டிகள் முட்டிக்கொண்டு போனால், எல்லையில் திரும்பும்போதே அந்த மாடுகளுக்கு நுரை தள்ளிவிடும். பின்னால் நிதானமாக வந்த நான்காவது வண்டி கொடியை வாங்கிவிடும். குதிரைக்கும் அதே நியாயம்தான். ஒரு ரேஸில் முன்னே ஓடியே பழகிய குதிரைகள் மூன்று நான்கு இருந்தால், கடைசி 400 மீட்டரில் பாயும் குதிரையைத் தேடுங்கள். முன்னே ஓடும் குதிரை ஒன்றே ஒன்று இருந்தால், அதன் விலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அஞ்ச வேண்டாம். அதை யாரும் விரட்டப் போவதில்லை.

கடைசி மூன்று ரேஸில் குதிரையைவிட மதிப்பெண் பட்டியலைத்தான் அதிகம் படிக்க வேண்டும். ஒருமுறை கடைசி ரேஸுக்கு முன் நான் 180-இலும் எனக்கு அடுத்தவர் 130-இலும் இருந்தோம். என்னைத் தாண்ட அவர் ஒன்றுக்கு நான்குக்கு மேற்பட்ட விலைக் குதிரையைத்தான் எழுதியாக வேண்டும். அந்த ரேஸில் அப்படி நம்பத்தக்கவை இரண்டே. இதை யோசிக்காமல் எனக்குப் பிடித்த ஃபேவரிட்டை எழுதினேன். அவர் ஒன்றுக்கு ஆறு குதிரையை எழுதி, 70 வாங்கி, 200-இல் போய் நின்றார். அந்த இரண்டில் ஒன்றை நானும் எழுதியிருந்தால் பாதி வழியை அடைத்திருப்பேன். முன்னால் இருப்பவர் எதிராளி கை வைக்கும் குதிரையிலேயே கை வைக்க வேண்டும். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவர் தொடாத குதிரையைத் தேட வேண்டும்.

சில போட்டிகளில் விலைக்கு வரம்பு உண்டு. முதலாவதாக வரும் குதிரைக்கு ஒன்றுக்கு இருபது என்று வரம்பிருந்தால், ஒன்றுக்கு அறுபது விலைக் குதிரை ஜெயித்தாலும் இருபதுக்கு உரிய மதிப்பெண்தான் கிடைக்கும். ஆகவே எட்டிலிருந்து இருபது வரையுள்ள விலைகளிலேயே உழைப்பைச் செலவிடுங்கள். எழுதிய ஒவ்வொரு குதிரைக்கும் எதிரே, எழுதியதற்கான காரணத்தை ஒரு வரியில் சீட்டு மடிக்கும் முன்பே குறித்து வையுங்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதும் காரணம் நம்மையே ஏமாற்றிவிடும்.