ஏத்தங்காய்த் தொலியில் அமைலேஸ் நொதி வளர்ப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் சிப்ஸ் போடாத ஊர் குறைவு. காலையில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) உரிக்க உட்கார்ந்தால் மதியத்துக்குள் பச்சைத் தொலி சாக்குச் சாக்காகச் சேர்ந்துவிடும். கொஞ்சம் மாட்டுக்குப் போகும், மீதி குப்பைக்கு. எங்கள் தெருமுனைக் கடையில் "அண்ணாச்சி, தொலி கொஞ்சம் வேணும்" என்று நான் கேட்டதற்கு, "இதையெல்லாம் கேக்கணுமா மக்கா, சாக்கோட கொண்டு போ" என்றார்.

அந்தப் பச்சைத் தொலியில் மாவுச்சத்து இருக்கிறது. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகிவிடும், அதனால் நமக்கு வேண்டியது பச்சைதான். மாவுச்சத்தின் மேல் சரியான பூஞ்சையை வளரவிட்டால், அதைத் தின்பதற்காகவே, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் என்ற நொதியை (என்சைமை) பூஞ்சை வெளியே சுரக்கும். சுரந்ததை நாம் தண்ணீரில் கழுவி எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வெல்லம், பழத்தொலி, தண்ணீரை 1:3:10 கணக்கில் போட்டு மூன்று மாதம் மூடி வைக்கும் 'பயோ என்சைம்' வேறு சங்கதி. அது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து புளிக்க வைக்கும் அமிலக் கரைசல். இங்கே செய்வது திடநிலை நொதிப்பு. ஈரம் இருக்கும், தண்ணீர் தேங்காது. காற்று வேண்டும். மூன்று நாள் போதும்.

பூஞ்சையை எங்கே வாங்குவது

தொலியைச் சும்மா போட்டு வைத்தாலும் பூஞ்சை பிடிக்குமே, அதை வைத்துச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. தானாக வருவதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் இருக்கலாம். அது அஃப்ளாடாக்சின் என்ற கொடிய நச்சை உண்டாக்கும். குக்கரில் வைத்தால் பூஞ்சை சாகும், அது விட்டுப்போன நச்சு அவ்வளவு எளிதில் அழியாது.

நமக்குத் தேவை ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. ஜப்பானில் சோயா சாஸுக்கும் மிசோவுக்கும் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் 'கோஜி' பூஞ்சை இதுதான். இதைத் தவிட்டில் வளர்த்து நொதி எடுக்கும் முறைக்கு ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1894-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். கோஜி வித்துப் பொடி பாக்கெட்டாக இணையத்தில் கிடைக்கிறது. கல்லூரி மாணவர்கள் என்றால் துறை மூலமாகச் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. அல்லது புனேயில் உள்ள என்.சி.ஐ.எம். நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து வாங்குங்கள்.

தொலியைக் காயவைத்தல்

வாங்கி வந்த அன்றே வேலையை முடியுங்கள். தொலியைக் கழுவி, விரல்நக அளவுக்கு நறுக்கி, ஓலைப்பாயில் மெல்லிய பரப்பாக விரித்து வெயிலில் போடுங்கள். கறுத்துப்போகும், அது இயல்பு. ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை.

நம் ஊரில் இரண்டு பருவமழையும் கொட்டுவதால் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்கும். நான் முதன்முதலில் செய்தது ஆடிச் சாரலில். மூன்று நாளாகியும் தொலி வளைந்தது. துண்டுகளின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் பூசணம் வந்திருந்தது. போகட்டும் என்று அதையே அரைத்தேன். அந்தத் தொகுதி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. மழைக்காலம் என்றால் பங்குனி, சித்திரை வெயிலில் காயவைத்து மூடி வைத்ததை எடுங்கள், அல்லது இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

காய்ந்ததை மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு உடையுங்கள். மாவாக அரைத்தால் ஈரத்தில் களியாகி, காற்றுப் புகாது.

கலவை

30 கிராம் தொலி ரவை, 20 கிராம் தவிடு. தொலியில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும். தவிடு அதைத் தணித்து, தழைச்சத்தும் கொடுக்கும். புழுங்கல் நெல் தவிடு நல்லது. நெல்லை அவிக்கும்போதே தவிட்டு எண்ணெயில் சிக்கு வாடை வரவைக்கும் நொதி செயலிழந்துவிடுவதால் அது சீக்கிரம் கெடாது. பச்சரிசித் தவிடு என்றால் அன்று அரைத்ததாக இருக்கட்டும்.

இதற்கு 50 முதல் 60 மி.லி. தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். புட்டு மாவு பதம்தான் சரியான பதம். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அழுத்தும்போது விரலிடுக்கில் நீர் கசிந்தால் ஈரம் கூடிவிட்டது, இன்னும் ஒரு பிடி தவிடு சேருங்கள். தொடக்கக்காரர்களின் தொகுதி கெடுவதற்குப் பெரும்பாலும் இந்த அதிக ஈரமே காரணம்.

இரண்டு அகன்ற கண்ணாடி பாட்டில்களில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் நிரப்புங்கள். வாயில் பஞ்சடைத்து, மேலே காகிதம் சுற்றிக் கட்டுங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம். தானாக ஆறட்டும். ஒரு பாட்டிலில் மட்டும்தான் பூஞ்சை இடப் போகிறோம். மற்றது சாட்சி. அதில் ஏதாவது முளைத்தால் அவித்தது போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

வித்து இடுதல், மூன்று நாள் காவல்

பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும் தெரியும் நிலையில் வித்து இடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள், முகக்கவசம் போடுங்கள். பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவு வித்தைத் தூவி, உடனே பஞ்சை அடைத்துக் குலுக்குங்கள்.

30 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் ஊர் அறை வெப்பமே ஏறக்குறைய அதுதான். வெயில் படாத அலமாரி போதும்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஆகும்போது துண்டுகளின் ஓரத்தில் வெள்ளைப் பனி படர்ந்த மாதிரி இருக்கும். பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், அறையைவிடச் சூடாக இருக்கும். பூஞ்சை மூச்சுவிடுகிற சூடு அது. 40 டிகிரியைத் தாண்டினால் அதுவே தன் சூட்டில் வாடிவிடும். அதனால் இந்த நேரத்தில் ஒருமுறை நன்றாகக் குலுக்கிக் கட்டியை உடையுங்கள். இரண்டாம் நாள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி, பஞ்சுமெத்தைத் துண்டு போலாகும். வாசனை இனிப்பாக, பழ வாடை கலந்து வரும்.

அமோனியா நெடியோ புளித்த நாற்றமோ வந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது. ஆரஞ்சு, கறுப்பு, இளஞ்சிவப்பு தெரிந்தாலும் திறக்காதீர்கள். அப்படியே மறுபடி குக்கரில் வைத்து அவித்துவிட்டுக் கொட்டுங்கள்.

72 மணி நேரத்தில் அறுவடை. மஞ்சள் கலந்த பச்சைப் பொடி பூக்கத் தொடங்கினால் வித்து கட்டுகிறது என்று பொருள், அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

நொதியை எடுத்தல்

பூஞ்சை வளர்ந்த பாட்டிலில் 125 மி.லி. குளிர்ந்த தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியால் உடைத்து, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்குங்கள். பழைய வேட்டித் துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வருகிற சாறுதான் உங்கள் நொதி. குளிர்பதனப் பெட்டியில் சில நாள் தாங்கும். குடிக்கவோ உணவில் சேர்க்கவோ கூடாது. பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

வேலை செய்கிறதா?

சாறு வந்துவிட்டது என்பதாலேயே நொதி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நிரூபிக்க வேண்டும். சாற்றில் கொஞ்சம் தனியாக எடுத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். கொதித்த நொதி செத்த நொதி.

ஒரு கிராம் மரச்சீனி (மரவள்ளி) மாவை 100 மி.லி. தண்ணீரில் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றுங்கள். இரண்டு கிண்ணத்தில் பத்துப் பத்து மி.லி. ஊற்றி, ஒன்றில் ஒரு மி.லி. பச்சைச் சாறு (கொதிக்க வைக்காதது), மற்றதில் ஒரு மி.லி. கொதித்த சாறு. வெள்ளைப் பீங்கான் தட்டில் டிங்சர் அயோடினைத் துளித்துளியாக வரிசையாக வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கிண்ணத்திலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள்.

மாவுச்சத்து பட்டால் அயோடின் கருநீலமாகும், அதனால் முதல் சொட்டு இரண்டுமே கருநீலம். பிறகு பச்சைச் சாற்றின் வரிசை மட்டும் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சளிலேயே நின்றுவிடும். கொதித்த வரிசை கடைசிவரை கருநீலம். இரண்டு வரிசையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் நொதி என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அளவு எண்ணிக்கையில் வேண்டுமென்றால் கல்லூரி ஆய்வகத்தில், உண்டான சர்க்கரையை அளக்கும் டி.என்.எஸ். முறையில் 540 நானோமீட்டரில் பார்க்கலாம்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். கஞ்சி போட்ட பருத்தித் துணியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைப் பச்சைச் சாறு கலந்த வெந்நீரிலும் மற்றதைக் கொதித்த சாறு கலந்த வெந்நீரிலும் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். தண்ணீர் 50 டிகிரி அளவில் இருக்கட்டும், இந்த நொதிக்கு அந்தச் சூடு பிடிக்கும். ஜவுளி ஆலைகளில் நெசவுத் துணியின் கஞ்சியை எடுப்பதும் அமைலேஸை வைத்துத்தான். அலசிக் காயவைத்தபின் இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின் வையுங்கள்.

பிழிந்த சக்கையை ஒருமுறை அவித்து, ஆறியதும் வாழை மூட்டில் போட்டுவிடலாம்.