பள்ளிச் செலவைக் குறைக்கணுமா? முதலில் பஸ்ஸைப் பாருங்கள்

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) பணம் பற்றாக்குறை என்றால் உடனே இசை டீச்சர் வேலையில்தான் கை வைக்கிறார்கள், அது வேண்டாம். முதலில் பஸ் ரூட்டை எடுங்கள். எந்த ஸ்டாப்பில் எத்தனை பிள்ளைகள் நிஜமாகவே ஏறுகிறார்கள் என்று இரண்டு வாரம் எண்ணிப் பார்த்து, பாதி காலியாக ஓடுவதை ஒன்றாக்குங்கள். பாஸ்டனில் 2017-ல் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் எழுதிய கணினி நிரல் ரூட்டை மாற்றிப் போட்டதில் 50 பஸ் குறைந்தது, மிச்சம் சுமார் 50 லட்சம் டாலர். அதே கையோடு பள்ளி தொடங்கும் நேரத்தையும் மாற்றப் போனார்கள், பெற்றோர் கொதித்துவிட்டார்கள், அந்த நேர மாற்றத் திட்டமே நின்றுபோனது. அதனால் நேரத்தைத் தொடும் முன் வீடுகளைக் கேளுங்கள்.

அப்புறம் கரண்ட் பில். கோடை விடுமுறையில் ஆளில்லாத வகுப்பில் ஏசி ஓடுகிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். வாரம் நாலு நாள் மட்டும் பள்ளி வைத்தால் மிச்சமாகுமா? ஆசிரியர் சம்பளம் அப்படியே இருக்கும், மிச்சம் சொற்பம்தான்.