முதல் மார்கழி: புதிதாக மாடு வாங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

பால் சொசைட்டிச் சீட்டில் ஃபேட் (கொழுப்புச் சதவீதம்) 4.2 என்று விழுந்த அன்று, புதிதாக மாடு வாங்கியவருக்குத் தரையில் கால் பாவாது. தான் போட்ட தீவனம்தான் காரணம் என்று தோன்றும். பாதிக் காரணம் பனி. கோடையில் வெக்கை தாங்காமல் சோளத்தட்டைக் கழித்துப்போட்ட மாடு, கார்த்திகை பிறந்ததும் தொட்டியை நக்கித் துடைக்கும். நார்த்தீவனம் வயிற்றில் நொதித்துத் தரும் அசிட்டிக் அமிலத்தைக் கொண்டுதான் பால்கொழுப்பில் ஏறக்குறைய பாதியை மடி செய்கிறது. ஆகவே குளிர் மாதங்களில் ஃபேட் தானாக ஏறும். அதைத் தொலைக்காமல் இருப்பதுதான் நம் வேலை. ஒன்றிரண்டு கலப்பினப் பசு வைத்திருப்பவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தரை

கோவை, ஈரோடு பக்கத்து விடியற்காலை நமக்குத்தான் குளிர். 5 முதல் 25 டிகிரி வரை ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாட்டுக்குச் சுகமான காலம். வளர்ந்த மாட்டைக் குளிர் படுத்தாது, ஈரம் படுத்தும். மழைக்காலத்து ஈரம் கட்டுத்தரையில் இன்னும் தங்கியிருக்கும். இரவு படுக்கும் முன் ஒருமுறை கூடுதலாகச் சாணி வழித்து, மாடு படுக்கும் இடத்தில் காய்ந்த கூளம் பரப்புங்கள். வாடை வடக்கேயிருந்து வரும். அந்தப் பக்கம் மட்டும் சாக்குப் படுதா கட்டினால் போதும். பாசத்தில் நாலு பக்கமும் மூடிவிட்டால் மூத்திர நெடி உள்ளேயே நின்று மாடு இருமத் தொடங்கும். குளிப்பாட்டுவது வெயில் ஏறிய பிறகு.

2. தண்ணீர்

பசும்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். 1 லிட்டர் கறக்க மாடு 3, 4 லிட்டராவது குடித்தாக வேண்டும். ராத்திரி நிரப்பிய தொட்டி விடியும்போது சில்லிட்டுக் கிடக்கும். மாடு மூக்கை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளும். என் முதல் மார்கழியில் கறவை இறங்க இறங்கத் தீவனத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். குறை தொட்டியில் இருந்தது. விடியலில் மோட்டாரைப் போடுங்கள், போர்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். விறகு செலவில்லாத வெந்நீர்!

3. தீவனம்

அடர்தீவனக் (தவிடு, புண்ணாக்கு, தானியக் கலவை) கணக்கு எளிது: உடம்புக்கு 1.5 கிலோ, அதற்கு மேல் 2.5 முதல் 3 லிட்டர் பாலுக்கு 1 கிலோ. தாது உப்பு தினமும் 30 முதல் 50 கிராம். கம்பு நேப்பியர் புல் பனியில் மெதுவாகத்தான் தழையும். குறைகிற பச்சையைச் சோளத்தட்டு கொண்டு ஈடுகட்டலாம். தட்டை இரவில் போடுங்கள், செரிக்கும்போது எழும் சூடு மாட்டுக்கு உள்போர்வை. மேய விடுபவர்கள் பனி காயட்டும் என்று காத்திருங்கள். ஈரப் புல்லில்தான் குடற்புழுவின் குஞ்சுகள் நுனி வரை ஏறி நிற்கும்.

பூசணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மழையில் நனைந்த வைக்கோல் போரின் அடியும் ஈரமேறிய கடலைப் புண்ணாக்கும் இந்த மாதங்களில்தான் பூசணம் பிடிக்கும். 'மாடுதானே, தின்னட்டும்' என்று போடுகிறார்கள். புண்ணாக்கில் உண்டாகும் அஃப்லாடாக்சின் நஞ்சு உருமாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. நட்டமானாலும் குப்பைக்குழிக்கே போகட்டும்.

4. கறவை

மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். சில்லிட்ட கையோடு காம்பைத் தொட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மடி சுரந்ததும் 5 முதல் 7 நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக நின்றால் மடிநோய். அந்தப் பாலை மற்றதோடு சேர்க்காமல் மருத்துவரை அழையுங்கள். கறந்து முடித்ததும் மாட்டின் முன் தீவனம் வையுங்கள். காம்புத் துளை அரை மணி நேரம் திறந்தே இருக்கும், அதற்குள் மாடு படுத்தால் கிருமி ஏற வழி.

இன்னொன்று. முதலில் வரும் பால் நீர்த்தது, கடைசியில் வருவதுதான் கொழுப்பு. முன்பாலைக் கறந்துகொண்டு கடைசியைக் கன்றுக்கு விட்டுவிட்டு, ஃபேட் ஏன் வரவில்லை என்று சொசைட்டியில் சண்டை போடுவோர் உண்டு. கன்றுக்கு ஒரு காம்பை முழுதாக ஒதுக்கிவிடுங்கள், இரண்டு பேருக்கும் நியாயம். பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரைக் கறந்த சூட்டில் போடாதீர்கள், டிகிரி குறைத்துக் காட்டும்.

5. கன்று

மார்கழியில் பிறந்த கன்றை ஈரம் போகத் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். இரவில் சாக்கு போர்த்துங்கள்.

6. டம்ளர்

ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. உங்கள் பசுவின் பனிக்காலப் பால் இரண்டுக்கும் நடுவே. 200 மில்லியில் சுமார் 6 கிராம் புரதம், 240 மில்லிகிராம் கால்சியம். கறி, முட்டை தொடாத வீட்டுக்கு வைட்டமின் பி12 பெரும்பாலும் இதில்தான் வர வேண்டும். இரும்புச்சத்து அநேகமாக இல்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதைக் கொடுக்காதீர்கள்.

பச்சை குறைந்தால் பாலின் மஞ்சள் வெளுக்கும். அந்த நிறம் பசும்புல்லின் கரோட்டின், வெளுத்தால் தண்ணீர் கலந்ததாக அர்த்தமில்லை. எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் எப்போதும் வெள்ளை. கண்ணாடிப் புட்டியில் வெயில்படப் பால் கொண்டுபோகாதீர்கள், வெளிச்சத்தில் வைட்டமின் பி2 சிதையும். பழைய எவர்சில்வர் தூக்கே மேல்.

தயிர் உறையவில்லை என்று இந்த மாதத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். விரல் பொறுக்கும் சூட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக உறை ஊற்றி, பாத்திரத்தைத் துணியால் சுற்றி அரிசிப் பானைக்குள் இறக்கிவையுங்கள். காலையில் கெட்டியாக எடுக்கலாம்.