உப்புக்காற்றும் உப்பாத கேக்கும்
கீழக்கரையில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய சமையல் புத்தகம் அது. அட்டை போயிருந்தது. ஆனால் ஓரங்களில் யாரோ பென்சிலில் 'சர்க்கரை குறை' என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். புதுப் புத்தகத்தில் இது கிடைக்குமா?

அதில் வெப்பம் 350 டிகிரி. ஃபாரன்ஹீட் கணக்கு, நம் ஓவனில் 175 முதல் 180 செல்சியஸ். அது சுலபம். கேக் எழும்பாததுதான் தொல்லை. முட்டை, மைதா எல்லாம் சரி, கோளாறு கடற்காற்றில். பேக்கிங் பவுடரில் சோடாவும் அமிலமும் சேர்ந்தே இருக்கும். ஈரம் பட்டால் டப்பாவுக்குள்ளேயே வேலையை ஆரம்பித்துவிடும், அப்புறம் ஓவனில் தெம்பு இருக்காது. ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். நுரையே வரவில்லை. புது பாக்கெட் பொங்கிக்கொண்டு வந்தது.

இப்போது சின்ன பாக்கெட்தான் வாங்குகிறேன், இறுக மூடும் கண்ணாடி ஜாடியில் வைக்கிறேன். ஈர ஸ்பூன் உள்ளே போகக் கூடாது. மாவு கலந்த கையோடு ஓவனில் வைத்துவிட வேண்டும். கேக் நன்றாக எழும்புகிறது.

புத்தகத்தின் பூஞ்சை வாடைக்கும் சோடாதான், சமையல் சோடா. மூடி போட்ட பெரிய டப்பாவில் ஒரு கிண்ணம் சோடா வைத்து, பக்கத்தில் புத்தகத்தை விரித்து நிறுத்தி, சில நாள் விட்டால் வாடை பெரும்பாலும் போய்விடும். வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் மஞ்சளாகி நொறுங்கும். ராமபாணப் பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் வைக்கலாம். மீன் வைக்கிற இடத்தில் புத்தகமா என்று அம்மா முறைப்பார், அது தனி விஷயம்.