டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் ஆர்க்கிடெக்டைக் கூப்பிடுங்கள்

பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து வாடகைக்கு விடலாம் என்று கிளம்புகிற பலரும், டோக்கன் கொடுத்து, வக்கீலிடம் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் காட்டி, கிரயம் முடித்து, சாவி கைக்கு வந்த பிறகுதான் நல்ல ஆர்க்கிடெக்ட் யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கி, ஜல்லி போட்டு, மேலே தட்டோடு பதித்த கூரை. புதிதாக வெள்ளையடித்திருந்ததால் பளிச்சென்று இருந்தது.

ஆர்க்கிடெக்ட் வந்தவர் ஹாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏணி கேட்டார். கட்டை சுவருக்குள் நுழைகிற முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், சாணியில் குச்சி இறங்குவதுபோல் பாதி உள்ளே போய்விட்டது. மழைநீர்க் குழாய் ஒழுகி ஒழுகி, பதினோரு கட்டையில் நாலு போயிருந்தது. டோக்கனுக்கு முன்னால் தெரிந்திருந்தால் விலையில் பேசியிருப்பேன். அவர் வந்து பார்க்க வாங்கிய தொகை தரகர் கமிஷனில் ஒரு மூலைக்குக் காணாது.

அதே விசிட்டில் இன்னொன்றும் கேளுங்கள்: இடித்துக் கட்டினால் எவ்வளவு கட்ட முடியும்? தமிழ்நாட்டில் 2019 கட்டட விதிகள்தான் கணக்கு. பழைய வீடு எல்லை வரை கட்டியிருக்கும். அந்தத் தெரு தொடர் கட்டடப் பகுதியில் (வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்ட அனுமதிக்கும் பகுதி) வராவிட்டால், புதிதாகக் கட்டும்போது பக்கங்களில் இடம் விட்டாக வேண்டும், சின்ன மனையில் அதிலேயே ஒரு அறை போய்விடும். சில வீடுகளை இடிக்காமல் பழுது பார்ப்பதே லாபம்.

ஆள் யார் என்று பார்ப்பது சுலபம். 1972 சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். சுவர் எடுப்பதாக இருந்தால் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் தனியாக வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவர்தான் மாடியைத் தாங்குகிறது, தூண் அல்ல.

அப்புறம், முதல் சந்திப்பிலேயே நீங்கள் அங்கே குடியிருக்கப் போவதில்லை என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாததால் எனக்கு முதலில் வந்த படத்தில் முற்றம், ஊஞ்சல், மேலே கண்ணாடிக் கூரை எல்லாம் இருந்தன. அழகு, சந்தேகமில்லை. ஆனால் வாடகை தருவது மாடிக்கு வெளிப்பக்கப் படி, தனி மின் மீட்டர், இரண்டாவது டாய்லெட், பெரிய சம்ப். எதிர்பார்க்கும் வாடகை, மொத்த பட்ஜெட், எந்த மாதம் ஆள் குடிவர வேண்டும், இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். 25,000 ரூபாய் வாடகை வரவேண்டிய வீடு நாலு மாதம் பூட்டிக் கிடந்தால் ஒரு லட்சம் காலி.

ஃபீஸைச் செலவில் சதவீதமாக வைக்காமல் மொத்தத் தொகையாகப் பேசி, இருக்கிற வீட்டை அளந்து படம் போடுவது, அப்ரூவல் படம், வேலைப் படங்கள், சைட் விசிட் என்று பிரித்துக் கொடுப்பது எனக்குச் சரிப்படுகிறது. செலவு ஏற ஏற ஃபீஸும் ஏறும் என்றால் யாருக்குத்தான் சிக்கனம் தோன்றும்? எத்தனை விசிட் என்பதையும் எழுதி வாங்குங்கள், தகராறு வருவதே அங்கேதான்.

சதுர அடி ரேட் புதுப்பிப்பு வேலைக்கு உதவாது, ஒரே சதுர அடியில் பெயின்ட்டும் அடிக்கலாம், கூரையையும் மாற்றலாம். ஆர்க்கிடெக்டிடம் வேலைவாரியாக அளவுப் பட்டியல் வாங்கி, அதே பட்டியலுக்கு மூன்று கான்ட்ராக்டர்களிடம் விலை கேளுங்கள். பூச்சைக் கொத்திய பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும், அதற்கு நான் பட்ஜெட்டில் பதினைந்து சதவீதம் ஒதுக்கி வைப்பேன்.

வேலை தொடங்கியதும் மேஸ்திரி உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "சுண்ணாம்பெல்லாம் எதுக்கு சார், சிமென்ட் அடிச்சிடலாம்" என்பார். தலையாட்டாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு உப்பி உதிரும். எந்த மாற்றமும் ஆர்க்கிடெக்ட் வழியாகத்தான் போக வேண்டும், வாட்ஸப்பில் எழுத்தாக.

ஆர்க்கிடெக்ட் ஃபீஸின் கடைசித் தவணையை மட்டும், குழாயும் வயரும் எங்கெங்கே ஓடுகின்றன என்ற இறுதிப் படம் கைக்கு வரும்வரை பிடித்து வையுங்கள். போன மாதம் குடியிருப்பவர் ஏசி மாட்டப் போவதாக போன் செய்தார். அந்தப் படத்தை அனுப்பி, "ஜன்னலுக்கு இடப்பக்கம் ஓட்டை போடாதீங்க சார், தண்ணிக் குழாய் போகுது" என்று ஒரு வரி போட்டேன். வலப்பக்கம் மாட்டிக்கொண்டார்.